இரும்புக்குப் பொட்டு

பாய் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பானெட்டைத் திறந்து அரை மணி நேரமாகிறது. கணபதிப் பகுதியில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப். ஓரமாக ஏதோ பழைய வேனிலிருந்து கழற்றிப் போட்ட சீட்டு, அதன் கிழிசலில் தேங்காய் நார் பிதுங்கிக்கொண்டிருந்தது, அதன் மேல் நஞ்சப்பன். எதிரே சிவப்பு வண்டி, முதலை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு. அந்த வாய்க்குள் தலையை விட்டபடி காதர் பாய். நல்லதோ கெட்டதோ சட்டுனு சொல்லித் தொலைத்தால் என்ன. அறுபத்தொன்பது வயதுக்காரனை நார் குத்தும் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அந்த மனுசன் பாட்டுக்குப் பல் டாக்டர் மாதிரி எட்டிப் பார்ப்பதும் உம் கொட்டுவதும். உம் என்றால் என்ன அர்த்தம். போச்சு என்று அர்த்தமா. சட்டைப் பையில் கம்பெனிக்காரன் கொடுத்த காகிதம் இருந்தது. நாலாக மடித்தது. பிரிக்காமலே அதில் என்ன இருக்கிறதென்று தெரியும். எஞ்சினின் அடிப்பாகம் தட்டுகிறது, உள்ளே பேரிங் போயிருக்கும், பிரித்துப் பிரயோசனமில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம், பதினாலு லட்சம், வரி தனி. அதைக் கொடுத்த பையன் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான், விரலில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. வண்டியில் ஒயரைச் சொருகினான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், ஏசியைக் கூட்டினான். சார் காபி சாப்பிடறீங்களா என்றான். எஞ்சினைத் தொடவே இல்லை. தொடாமலே செத்துப்போச்சு என்று சொல்கிறவனை எந்த ஊரில் டாக்டர் என்பார்கள். இருந்தாலும் அவன் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால். அங்கேதான் முள் மாட்டிக்கொண்டு நின்றது. நிஜமாக இருந்தால் மதியம் திருப்பூர் புரோக்கருக்கு ஒரு போன். அவன் வருவான், வண்டியைச் சுற்றி வருவான், உச்சுக் கொட்டுவான், லாரியில் ஏற்றிக்கொண்டு போவான். அவ்வளவுதான். கையில் அடித்துச் சொல்லியாயிற்று.

கையில் அடித்தது போன மார்கழியில். அதற்கு முன்னால் மூன்று முறை இந்த வண்டி அவரை நடுரோட்டில் நிறுத்தியிருந்தது. முதலில் வாட்டர் பம்ப். மதுக்கரைப் பக்கம், இட்லி குண்டா மாதிரி ஆவி. அவர் நாற்பது வருசம் பம்ப் செட் செய்து விற்ற மனுசர், அவர் வண்டியில் போனது பம்ப். அதைச் சொல்லிச் சொல்லி அவர் சம்சாரம் சுலோ ஒரு வாரம் சிரித்தாள். அப்புறம் கியர் பாக்ஸ், ஆர்.எஸ்.புரம் சிக்னலில், பச்சை விழுந்தும் அசையவில்லை, இரண்டு போலீஸ்காரர்கள் தள்ளினார்கள், அதில் ஒருத்தன் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு இதுக்கு எங்க பழைய ஜீப்பு தேவலீங்க என்றான். மூன்றாவது டர்போ. அதற்குக் கொடுத்த தொகையில் அந்தக் காலத்தில் ஒரு லேத்தே வாங்கியிருக்கலாம். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சுலோ கையை நீட்டினாள். ஈரக் கை. இன்னொரு வாட்டி பெரிய செலவு வந்துச்சுன்னா இதை வித்துப்போடோணும், அடிச்சுச் சொல்லுங்க என்றாள். அவர் அடித்தார். சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. நல்ல காது அப்போது. அப்போதும் நல்ல காது இல்லை, நல்ல காது மாதிரி. சரி, அதை விடு. வண்டியின் பேரை இதுவரைக்கும் அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் வாய் சுளுக்கும். சிவப்பு வண்டி. அவ்வளவு போதும். கம்பெனியை விற்ற வருசம் வாங்கினார். ஒருத்தன் மூன்று வருசம் ஓட்டிவிட்டுச் சலித்துப்போய் விற்றது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரம், கால் வைத்தால் முதுகை யாரோ பின்னால் இழுக்கிற மாதிரி ஒரு வேகம். எதுக்குப்பா இந்த வயசுல என்று கனடாவிலிருந்து மகன் கேட்டான். எதுக்கா. தினம் காலையில் ஏழு மணிக்குக் கம்பெனி வாசலில் நின்றவன் ஏழு மணிக்கு எழுந்து எங்கே போய் நிற்பது என்று அவனிடம் சொல்ல முடியுமா. போனை வைத்துவிட்டார்.

உம், என்றார் பாய் மறுபடியும். சின்ன டார்ச் ஒன்றை எடுத்து இடுக்கில் அடித்தார். அறுபது தாண்டிய ஆள், ஒல்லி, காதோரம் மட்டும் நரை, அந்தக் காலத்தில் ரேஸ் வண்டிகளுக்கு எஞ்சின் கட்டினவர். கை சும்மா இருக்காது, வாய் சும்மாவே இருக்கும். அதனால்தான் நஞ்சப்பனுக்கு அவரைப் பிடிக்கும், அதனால்தான் இன்றைக்கு அடிக்கலாம் போலிருந்தது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். ஆக, இருக்கிறது. இருக்கட்டும். போகட்டும். ஒரு வண்டி. இரும்பு. இல்லை, இரும்பு கூட இல்லை, பாதி பிளாஸ்டிக். போனால் சின்ன வண்டி ஒன்று வாங்கிக்கொண்டால் போகிறது, உயரமாக, ஏறி இறங்க வசதியாக. சுலோவின் முட்டிக்கு அதுதான் நல்லது. அங்கே நினைப்பு மறுபடியும் மாட்டியது. வசதியாக இருந்தால் அவளே இறங்கிக்கொள்வாளே. இந்த வண்டியில் அவளால் தானாக இறங்க முடியாது. முட்டி போனதிலிருந்து கோயிலுக்கு வேண்டாம், கல்யாணத்துக்கு வேண்டாம், ஏறி எறங்க முடியறதில்லீங்க என்று வீட்டுக்குள்ளேயே கிடந்தவள். வண்டி வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதென்னுங்க பாய் விரிச்ச மாதிரி இருக்குது என்று சொல்லிக்கொண்டே தொப்பென்று உட்கார்ந்தாள். சிறுவாணி ரோட்டில் ஆள் இல்லாத இடத்தில் அவர் காலை அழுத்தினார். அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தார். கொஞ்ச தூரம் போனதும், இன்னுஞ்சித்த மிதிங்க, என்றாள். திரும்பிப் பார்த்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வருசம் பக்கத்தில் இருந்தவள் சிரிக்கும்போது ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் குழிவதை அன்றைக்குத்தான் பார்த்தார். அப்புறம் டீக்கடையில் நிறுத்தினார். அவள் இறங்கப் பார்த்தாள், எழ முடியவில்லை. முட்டியை மடக்கி, கதவைப் பிடித்து, ஊகும். கடையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சுற்றி வந்து நின்றார். இரண்டு கையையும் குடுங்க என்றாள். கொடுத்தார். ரோட்டில், பத்துப் பேர் முன்னால், இரண்டு கையையும். கல்யாணத்தில் கூட ஒரு கைதான். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கை. அதையெல்லாம் புரோக்கரிடம் சொல்ல முடியுமா. வண்டியோடு சேர்த்து இதுவும் போகிறதப்பா, இதுக்கு எவ்வளவு போடுவாய் என்று கேட்க முடியுமா. நார் குத்தியது. எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

எஞ்சின் தட்டுகிற அந்தச் சத்தத்தை முதலில் கேட்டதும் அவள்தான். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஆயுத பூசை முடிந்து மூன்றாவது ஞாயிறு, ஆனைகட்டி ரோடு. டொக் டொக்குனு ஏதோ கேக்குதுங்க என்றாள். ரோட்டுச் சத்தம் என்றார். இல்லீங்க, நீங்க மிதிச்சா வெரசா கேக்குது, காலை எடுத்தா மெல்லக் கேக்குது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்று கேட்டது, டயர் கேட்டது, டொக் மட்டும் கேட்கவில்லை. எதிர்த்தெரு லேத்தில் பேரிங் காய்கிறதென்று இந்தத் தெருவிலிருந்து சொன்ன காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் நம்பர் மோட்டாரை நிறுத்தச் சொல்லுடா என்று கத்திய காது. அது போய்விட்டது. எப்போது போனது என்றே தெரியவில்லை, வலி இல்லை, சத்தம் இல்லை. சத்தம் இல்லை, ஆமாம், அதுதானே போனது. டிவியைக் கூட்டி வைத்துக்கொண்டதோடு சமாளித்து வந்தார். காது டாக்டரிடம் போலாமுங்க என்று சுலோ இரண்டு முறை சொன்னபோது நீ முணுமுணுன்னு பேசாம இரு என்றார். அன்றைக்கு மலையடி தாண்டியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்ததும் வண்டிக்கு உயிரே போய்விட்டது, மிதித்தால் நகர மாட்டேன் என்கிறது, பின்னால் வந்த டவுன் பஸ் ஆரன் அடித்து முந்திக்கொண்டு போனது. நான் சொன்னேனில்லீங்க என்று அவள் சொல்லியிருந்தால் தேவலை. சொல்லாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் சத்தியம் அடித்த அந்தக் கை அவள் மடியில் இருந்தது. எஞ்சினும் காதும் ஒரே நேரத்தில் தேய்ந்தால் எதை முதலில் மாற்றுவது. ஒன்றுக்குப் பதினாலு லட்சம், இன்னொன்று எங்கேயும் கிடைக்காது. ச்சே, என்ன நினைப்பு இது.

இன்றைக்குக் காலையில் கிளம்பும்போதும் அவள் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. மயிலாத்தா இன்னிக்கும் வரலீங்க என்றாள். வீட்டு வேலைக்கு வருகிறவள் வராவிட்டால் அவர் என்ன செய்ய. எல்லாம் அந்தக் குங்குமச் சிமிழ் மூடி. வெள்ளிச் சிமிழ், சுலோவுக்குக் கல்யாணத்தில் வந்தது, பாக்கு அளவு. ஆயுத பூசையன்றைக்குச் சிமிழ் இருக்கிறது, மூடி இல்லை. அவரைக் கேட்டாள். பூசைத் தட்டுலதான வெச்சேன் என்றார். வைத்தால் வைத்த இடம் தெரியாத ஆளா அவர். அன்றைக்குச் சாயங்காலம் தட்டைக் கழுவினவள் மயிலாத்தா. ஒரு முறை கேட்டாள் சுலோ, கழுவும்போது கண்ணுல பட்டுச்சாடி என்று. போன வாரம் இரண்டாம் முறை கேட்டாள். இரண்டாம் முறை கேட்டால் அது கேள்வி இல்லையே. மயிலாத்தா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள், அதோடு நாலு நாள். ஒன்பது வருசமா வர்றவளுங்க, எனக்கு வாய் வந்திருக்கக் கூடாது என்று காலையில் சுலோ சொன்னபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மூடி போனா போகட்டும், எனக்கு எஞ்சினே போயிருக்குது என்றார். கேட்டைச் சாத்தினார். கொஞ்சம் வேகமாகவே.

"அண்ணா," என்றார் பாய்.

எழுந்த வேகத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாய் எஞ்சினின் மேலிருந்த கறுப்பு மூடாக்கைக் கழற்றி ஓரம் வைத்திருந்தார். உள்ளே விரலைக் காட்டினார். "இதென்னண்ணா, சந்தனமா?"

எஞ்சினின் பக்கவாட்டில், வார்ப்பு இரும்பின் சொரசொரப்பில், காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் கருத்துப்போன குங்குமம். "ஆயுத பூசைக்கு வெச்சது," என்றார் நஞ்சப்பன்.

"வெச்சது சரி. இத்தனையும் கழட்டிட்டு உள்ள போயா வெச்சீங்க? எல்லாரும் பானெட்டு மேல வைப்பாங்க."

"பானெட்டு பெயிண்டு. பெயிண்டுக்கு எதுக்குப் பொட்டு?"

பாய் சிரித்தார். வாயைத் திறந்தாரே, அதுவே போதும். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது. பதினெட்டு மெஷின், ஒவ்வொன்றையும் எண்ணெய் போகத் துடைத்து, பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து, இரும்பிலே வைப்பார். பிட்டராகச் சேர்ந்த வருசத்திலிருந்து அப்படி. பொட்டு இரும்பைத் தொட வேண்டும், தொடாவிட்டால் அது மெஷினுக்கு வைத்ததாகாது. இந்த வண்டியில் பானெட்டைத் திறந்தால் இரும்பையே காணோம், கறுப்பு பிளாஸ்டிக்கை இழுத்துப் போர்த்தி வைத்திருக்கிறான், என்னமோ பிணத்துக்குப் போர்த்துகிற மாதிரி. பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கொண்டுவந்து நாலு போல்ட்டைக் கழற்றி உள்ளே தேடித் தேடி ஒரு கையளவு இரும்பைக் கண்டுபிடித்து வைத்தார். வைத்துக்கொண்டிருக்கும்போதே சுலோ உள்ளேயிருந்து தேங்காய் ஒடைக்கோணும் வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். சட்டுனு மூடினார். வைத்த பொட்டுக்கு இந்த வண்டி காட்டிய மரியாதை மூன்றே வாரம்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா," என்றார் பாய்.

பண்ணினார். மஞ்சள் விளக்கு பல்லைக் காட்டியது. பாய் ஒரு முழ நீளத் திருப்புளியை எடுத்து, நுனியை எஞ்சினில் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அடியில் வைத்தார், தலையில் வைத்தார், பக்கத்தில் வைத்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி அடியில். நஞ்சப்பன் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் புரட்டுகிற டாக்டரின் நெற்றியைச் சுலோவின் முட்டிக்காகப் பார்த்திருக்கிறார், இதே மாதிரிதான் இருந்தது. போச்சு. புரோக்கர் நம்பர் போனில் இருக்கிறது. லாரியில் ஏற்றும்போது நான் வீட்டுக்குள் இருந்துகொள்ள வேண்டும். சுலோ திரையை விலக்கிப் பார்ப்பாள். பார்க்கட்டும்.

"எனக்கே குழப்பமா இருக்குண்ணா," என்றார் பாய். "தட்டுது. ஆனா அடியில சுத்தமா இருக்கு. இந்தாங்க, நீங்க கேளுங்க. உங்களுக்குத் தெரியாத சத்தமா?"

திருப்புளியை நீட்டினார். வாங்காமல் ஒரு நிமிசம் நின்றார் நஞ்சப்பன். எனக்குக் காது கேக்காது பாய் என்று சொல்லிவிடலாம். உலகத்தில் யாருக்கும் சொல்லாததை இந்த ஆளிடம், எஞ்சின் ஓடுகிற சத்தத்தில், சொன்னாலும் கேட்காது. சொல்லவில்லை. வாங்கினார். குனிந்தார். கைப்பிடியைக் காதுக்குக் கொண்டுபோய், கேட்காவிட்டால் என்கிற பயத்தில் கொஞ்சம் தள்ளி, காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டார். அப்போது வந்தது. காது வழியாக இல்லை, எலும்பு வழியாக. மண்டை முழுக்க. பிஸ்டன் ஏறி இறங்குவது, வால்வு மூடித் திறப்பது, எண்ணெய் ஓடுவது, எல்லாம், ஒவ்வொன்றும் தனித்தனியாக, வருசக்கணக்காகப் பார்க்காத சொந்தக்காரர்கள் ஒரே வீட்டுக்கு வந்து இறங்கின மாதிரி. கண்ணில் நீர் வந்தது, புகை என்று வைத்துக்கொண்டார். அடியில் ஊன்றினார். அடிப் பேரிங் போயிருந்தால் டொம் டொம் என்று இருக்கும், கனமாக, யாரோ கீழ்வீட்டில் உரலில் இடிக்கிற மாதிரி. அது இல்லை. எண்ணெய் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, வெண்ணெய் மாதிரி. பக்கத்துக்கு வந்தார். டிக் டிக் டிக் டிக். சன்னமாக. அவசரமாக. இரும்பும் இரும்பும் மோதினால் வருகிற சத்தமா இது. இல்லை. வார்ப்பு இரும்பா, இல்லை. எஃகு, இல்லை. பித்தளை, கிட்டத்தில், ஆனாலும் இல்லை. அதைவிட மெலிசு, அதைவிட மிருது, ஒரு சின்ன மணி மாதிரி, ஒரு கொலுசு மாதிரி. இதை எங்கேயோ கேட்டிருக்கிறார். கம்பெனியில் இல்லை. வீட்டில். தினம் காலையில், பூசை அறையில், குளித்துவிட்டு வந்து சுலோ.

நிமிர்ந்தார். "இது இரும்பு இல்ல பாய்," என்றார்.

"பின்ன?"

"வெள்ளி."

பாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நுனியில் காந்தம் வைத்த கம்பி ஒன்றை எடுத்து அந்த இடுக்குக்குள் விட்டுத் துழாவினார். ஒன்றும் ஒட்டவில்லை. "காந்தத்துல ஒட்டலண்ணா. ஆனா ஏதோ இருக்கு, நகருது," என்றார். குரல் மாறியிருந்தது. கம்பியை மாற்றினார், நுனியை வளைத்தார், மார்பு வரைக்கும் உள்ளே போய் என்னமோ பிஸ்மில்லா என்று முனகினார், இழுத்தார். தரையில் விழுந்து உருண்டு நஞ்சப்பனின் செருப்பில் முட்டி நின்றது. பாக்கு அளவு. எண்ணெய் பூசிக் கன்னங்கரேலென்று. உச்சியில் ஒரு குமிழ், குமிழின் திருகில் மட்டும் துளி சிவப்பு மிச்சம்.

பாய் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்கக் குலுங்க. "அண்ணா, இந்த எஞ்சினுக்குள்ள தட்டற சத்தம் வந்தா கண்டுபிடிக்கன்னே ஒரு காது வெச்சிருக்கான், சென்சாரு. சரியா அது பக்கத்துல போய் இது உக்காந்து தட்டியிருக்கு. அது பயந்துபோய் வெளக்கைப் போட்டு பவரைக் கொறச்சிருக்கு. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்ல. கம்ப்யூட்டர் அந்தக் காது சொன்னதை நம்புச்சு, கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரை நம்பினான்."

காது தப்பாகக் கேட்டது. வண்டியின் காது. நஞ்சப்பன் உட்கார்ந்தார், நார் குத்தியது, குத்தட்டும். முதலில் தெரிந்தது பசி. காலையில் சாப்பிடவே இல்லை, சுலோ வைத்த மூன்று இட்லி மேசையிலேயே இருக்கும். அப்புறம் ஒன்றுக்குப் போக வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் சந்தோசம், அதுவும் சட்டென்று வரவில்லை, காலிலிருந்து மெல்ல ஏறியது, குளிர் காலத்தில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் காலை வைத்த மாதிரி. போகவில்லை. எதுவும் போகவில்லை. பேரிங் போகவில்லை, வண்டி போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. காது போயிருக்கிறது, போகட்டும், எலும்பு இருக்கிறது. டாக்டரிடம் போனால் எலும்பில் வைக்கிற மாதிரி ஏதாவது கொடுப்பானா, கேட்க வேண்டும். சட்டைப் பையில் விரல் பட்டது. காகிதத்தை எடுத்தார். நல்ல காகிதம், வழவழ என்று, கம்பெனிக்காரன் காகிதத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. அதால் மூடியை அழுத்தித் துடைத்தார். அவன் போட்ட கணக்கு முழுக்கக் கறுப்பானது, மூடி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"மெஷினுக்குள்ள ஸ்பேனரை உட்டவனுக்கெல்லாம் ஒரு நாள் கூலி பிடிச்ச ஆளு நான், பாய்," என்றார்.

"இப்ப யாருக்குப் பிடிக்கறதுண்ணா?"

நஞ்சப்பன் மூடியை மேல்பையில் போட்டுக்கொண்டார். பாய் கையைக் கழுவிக்கொண்டே, காசு வேண்டாம், இந்தக் கதை போதும், ஒரு வருசத்துக்குச் சொல்லுவேன் என்றார். சொல்லாமல் இருக்க வேண்டுமானால் எவ்வளவு என்று கேட்டார் நஞ்சப்பன். அதுக்குப் பதினாலு லட்சம், வரி தனி, என்றார் பாய்.

விளக்கு அணைந்திருந்தது. சந்து முடிந்து மெயின் ரோட்டுக்கு வந்ததும் லேசாகத்தான் மிதித்தார், முதுகைப் பழையபடி யாரோ பின்னால் இழுத்தார்கள். வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து ஸ்கூட்டர்காரன் திரும்பிப் பார்த்தான், பார்த்துக்கொள். மூடி மேல்பையில் இருந்தது, வண்டி குலுங்கும்போதெல்லாம் சட்டைப் பித்தானில் பட்டது, சத்தம் கேட்கவில்லை, ஆனால் நெஞ்செலும்பில் தெரிந்தது. டிக். காந்திபுரம் பாலம். டிக். எத்தனை லேசாக இருக்கிறது எல்லாம். தடாகம் ரோட்டுச் சிக்னலில் நின்றபோது இன்னொரு நினைப்பு வந்து மாட்டிக்கொண்டது. பூசைத் தட்டுலதான வெச்சேன். அவர் சொன்னது. ஒரே வாக்கியம். யோசிக்காமல், சட்டுனு. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் சுலோ மயிலாத்தாவைக் கேட்டே இருக்க மாட்டாள். பொட்டு வைக்கும்போது மூடியைக் கையகலப் பைப்பு மேல் வைத்தது இப்போது கண்ணில் தெரிகிறது, படம் மாதிரி தெரிகிறது, அன்றைக்கு எங்கே போயிருந்தது இந்தப் படம். ஒரு நாள் கூலி பிடிக்கறது யாருக்கு. பச்சை விழுந்தது. பின்னால் ஆரன் அடித்தார்கள், அவருக்குக் கேட்குமளவுக்கு. இதை எப்படிச் சொல்வது. கெடச்சிருச்சு என்று மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். சுலோ அதை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி மயிலாத்தா வீட்டுக்குப் போவாள், அவரால்தான் என்று சொல்ல மாட்டாள், எங்கேயோ விழுந்திருந்துச்சுடி என்பாள். இத்தனை வருசமாக அவர் தப்புகளையெல்லாம் அப்படித்தான் எங்கேயோ விழுந்தவையாக ஆக்கி வைத்திருக்கிறாள். வடவள்ளி வருகிற வரைக்கும் வேறு வழி தேடினார். இல்லை.

சுலோ வாசல் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். வண்டி வந்த சத்தத்தில் தலையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் சத்தத்தையே கேட்டாள். "டொக்கு போயிருச்சுங்களே," என்றாள்.

அவர் இறங்கி வந்து மூடியை அவரைக்காய்த் தட்டில் வைத்தார். "எஞ்சினுக்குள்ள இருந்துச்சு. பொட்டு வெச்சப்ப நாந்தான் உட்டுட்டேன்."

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி மூடியைப் பார்த்தாள். "அப்ப அந்தப் பதினாலு லட்சமும் இதுதானுங்களா?" ஒரு பக்கத்துக் கன்னம் குழிய ஆரம்பித்தது, பாதியிலேயே நின்றது. "அய்யோ, மயிலாத்தா," என்றாள்.

"ஏறு. போலாம்," என்றார்.

"அவ ஊட்டுக்கா? இந்த வண்டியிலயா?"

"இதுலதான் போகோணும். இதுதான சாட்சி."

சோமையம்பாளையத்துச் சந்தில் வேகத்தடை இரண்டு இடத்தில் வண்டியின் வயிற்றில் உரசியது, அவருக்கு ஒன்றும் பதறவில்லை. சுலோ மூடியை உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தாள். என்ன சொல்றதுங்க என்றாள் ஒரு முறை. நான் சொல்றேன் என்றார். நானே சொல்றேன். சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார், ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை குறைந்தது. தெருக்குழாயில் மயிலாத்தா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், நெட்டை. சிவப்பு வண்டியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக் குழாயைப் பார்த்துக்கொண்டாள். அவர் சுற்றி வந்து கதவைத் திறந்தார். சுலோ எழப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு கைக்குள் மூடி. அவர் பிடித்துக்கொண்டார், இழுக்கவில்லை, அப்படியே தலையை மட்டும் திருப்பினார்.

"மயிலாத்தா. மூடியை நாந்தான் வண்டிக்குள்ள உட்டுட்டேன். தட்டுல வெச்சேன்னு சொன்னதும் நாந்தான். தப்பு என்னுது."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடினாள். "நாலு நாளா பாத்தரம் யாருங்க கழுவுனது?" என்றாள், அவரிடம் இல்லை, சுலோவிடம்.

"நாந்தான். நின்னு நின்னு முட்டி போச்சுடி," என்றாள் சுலோ உள்ளேயிருந்து. "ரெண்டாவது வாட்டி கேட்டிருக்கக் கூடாது. வா, வந்து என்னைத் திட்டிப்போடு."

"திட்டறதுக்கு மொதல்ல வெளிய வரோணுமில்லீங்க. குழிக்குள்ள கெடக்கறவங்களை எப்படித் திட்டறது." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் சுலோவின் ஒரு கையை, மூடி இருந்த கையை, அவரிடமிருந்து பிரித்துத் தான் பிடித்துக்கொண்டாள். அவருக்கு மிஞ்சியது ஒரு கை. போகட்டும். இன்றைக்குக் கூலிப் பிடித்தம்.

"நானு இப்படி, நீங்க அப்படி. சட்டுனு இழுத்துரலாமுங்களாய்யா?" என்றாள் மயிலாத்தா.

"வேண்டாம்," என்றார் நஞ்சப்பன். "மெதுவா."